செல்லத்துரை அழ வேண்டாம்

கேள்வி: என் சிறுகதையின் நாயகன் செல்லத்துரை ரப்பர் பால் வெட்டுபவர். மனைவி இறந்துவிட்டார், மகன் துபாயில். சாயாக்கடையில் எந்நேரமும் தமாஷ் பேசுவார். அதற்குப் பின்னால் இருக்கும் தனிமையைக் காட்ட, கடைசியில் வீட்டுக்குப் போய் அழுவதாக எழுதினேன். நண்பர்கள் 'நாடகம் மாதிரி இருக்கு' என்கிறார்கள். எப்படி மாற்றுவது?
- வாசகர், குலசேகரம்

பதில்: நண்பர்கள் சொல்வது சரிதான். அழுகையை எடுத்துவிடுங்கள். முதல் பக்கத்திலேயே அதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. "மோன் விளிச்சானா அண்ணே?" என்று கடைக்காரர் கேட்கிறார். "தெனமும் ஒருத்தி விளிக்காடே. ரீசார்ஜ் தீரப்போவுதுன்னு அவளுக்குத்தான் என்ன கவலை!" என்கிறார் செல்லத்துரை. கடையே சிரிக்கிறது. மகன் கூப்பிட்டானா இல்லையா என்பதற்குப் பதிலே வரவில்லை. வாசகர் அதைப் பிடித்துக்கொள்வார். ஆனால் அடுத்த வரியிலேயே 'சிரித்தாலும் உள்ளம் வலித்தது' என்று எழுதிக் கெடுத்துவிட்டீர்கள்.

செல்லத்துரையின் ஒவ்வொரு தமாஷும் இப்படி ஒரு கேள்வியைத் தடுக்கத்தான் வர வேண்டும். அப்படி இல்லாததை வெட்டிவிடலாம். பஞ்சாயத்துத் தேர்தல் ஜோக்கும் அதில் போய்விடும். (நான் சிரித்தேன், இருந்தாலும் வெட்டுங்கள்.)

அப்புறம், அவருடைய தொழிலை நீங்கள் ஒரே வரியில் முடித்தது எனக்குப் பெரிய ஏமாற்றம். விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிற ஆள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் அந்த இருட்டைத் தவிர்க்க முடியாது. 300 மரத்திலும் பட்டையைக் கீறிப் பால் வெட்டி முடிக்கும்வரை பேச்சுத்துணை கிடையாது. கடையில் சொல்லப்போகிற தமாஷை அங்கே ஒத்திகை பார்க்கட்டும். பால் பிடிக்கும் சிரட்டையைத் துடைத்து வைத்துவிட்டு, ஒரு சொல்லை மாற்றி, மறுபடி மரத்திடம் சொல்லிப் பார்க்கட்டும். பிறகு கடையில் அதே தமாஷ் சட்டென்று வாயில் வந்தது போல விழட்டும். மழையில் வெட்டும் இல்லாமல், சாயாக்கடையும் திறக்காத ஒரு நாள் வந்தால் என்ன செய்வார் என்றும் யோசியுங்கள்.

முடிவுக்கு, கடைக்காரரை உண்மையான அக்கறையோடு பேச விடுங்கள்: "ராத்திரி கிழங்கும் சாளக்கறியும் கொண்டுட்டு வீட்டுக்கு வாறேன் அண்ணே, சேர்ந்து தின்னலாம்." செல்லத்துரை அதையும் ஒரு தமாஷால் தட்டிக்கழிக்கட்டும். இதற்கு மட்டும் கடையில் யாரும் சிரிக்க வேண்டாம். ஏன் மறுத்தார் என்று விளக்கவும் வேண்டாம். அந்தத் தமாஷை நான் எழுதித் தர மாட்டேன், ரீசார்ஜ் வரியை எழுதியவருக்கு அது வரும். திருத்தியதும் எங்களுக்கே அனுப்புங்கள்.