அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, நல்லதுதானே டாக்டர்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. எஸ்டேட்டில் சில்வர் ஓக் கிளை வெட்டும்போது விழுந்து தலையில் அடி, கோவையில் ஆபரேஷன் ஆனது. மூச்சுக்காகக் கழுத்தில் போட்டிருந்த டியூபை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. டீ குடித்தால் இருமிக்கொண்டே இருந்தார், இருமல் சிரப் கொடுத்தேன், ஒரு வாரமாக இருமலே இல்லை. ஆனால் சாயங்காலம் லேசாகக் காய்ச்சல், குரலும் கொழகொழவென்று இருக்கிறது. கோத்தகிரி குளிர் சேரவில்லையா, இல்லை டிபியா? இப்படிப்பட்டவர்கள் தூக்கத்திலேயே புரையேறி இறந்துவிடுவார்கள் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

பதில்: இதைப் படித்ததும் அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். மீதியை வண்டியில் போகும்போது படிக்கலாம்.

நீங்கள் பயப்பட வேண்டியது இரவைப் பார்த்து இல்லை, டீ டம்ளரைப் பார்த்து. நாம் விழுங்கும்போது ஒரு கணம் மூச்சு நிற்கும், குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்ளும். அதையும் மீறி ஒரு சொட்டு மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால், அங்குள்ள நரம்பு மூளைத்தண்டுக்குத் தகவல் சொல்லி, நாம் யோசிப்பதற்குள் இருமல் வந்து அதை வெளியே தள்ளிவிடும். தலையில் பலமாக அடிபட்டவர்களுக்கு இந்தச் சங்கிலியில் எங்கு வேண்டுமானாலும் அறுந்துபோகலாம். உணர்வு மழுங்கலாம், உத்தரவு தாமதமாகலாம், நெஞ்சுத் தசைக்கு இருமும் பலமே இல்லாமல் போகலாம். கழுத்தில் டியூப் பல நாள் இருந்ததும் தொண்டையின் உணர்வைக் குறைத்திருக்கலாம். அப்போது டீ நுரையீரலுக்குள் இறங்கும், ஆள் ஒரு செருமல்கூட இல்லாமல் அமைதியாக உட்கார்ந்திருப்பார். இருமியபோது அப்பா தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், அதைத்தான் நீங்கள் சிரப் ஊற்றி அடக்கியிருக்கிறீர்கள். சில சிரப்புகளின் வேலையே மூளையில் இருமலை அடக்குவது, சிலவற்றில் தூக்கமும் வரும். பாட்டிலைக் குப்பையில் போடுங்கள்.

“இருமுங்கப்பா என்றால் இருமுகிறாரே” என்று நினைக்கலாம். சொல்லி வரும் இருமல் வேறு பாதை, தானாக வரும் இருமல் வேறு பாதை. முன்னது சரியாக இருந்தும் பின்னது செத்துக் கிடப்பவர்கள் உண்டு.

கொழகொழ குரல், கூடவே காய்ச்சல்: நீங்கள் எழுதியதில் எனக்கு வேண்டியது இந்த ஒரு வரிதான். உணவோ எச்சிலோ உள்ளே போய் நிமோனியா தொடங்கியிருக்கலாம். மூச்சு வேகமாக இருந்தாலோ, வழக்கத்தைவிட மந்தமாகத் தூங்கி வழிந்தாலோ யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இருந்தால் பாருங்கள், மலையில் எண் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், அதற்குப் பதற வேண்டாம். அவருடைய வழக்கமான எண்ணிலிருந்து மூன்று நான்கு இறங்கியிருந்தால் இன்னும் அவசரம். எண் சரியாக இருக்கிறது என்பதற்காகப் போகாமலும் இருந்துவிடாதீர்கள்.

குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிபியா என்பதை எக்ஸ்ரே, சளிப் பரிசோதனையில் அங்கேயே பார்த்துவிடுவார்கள். தூக்கத்தில் திடீரென்று போய்விடுவாரோ என்ற பயத்துக்குத் தலைமாட்டை உயர்த்திப் படுக்க வையுங்கள், யூடியூபை மூடிவிட்டு நீங்களும் தூங்குங்கள். இந்த நோயாளிகளுக்கு ஆபத்து பெரும்பாலும் ஒரே ராத்திரியில் வருவதில்லை, இப்படி வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாகச் சேர்கிறது.

டாக்டர் பார்க்கும்வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம், தண்ணீர் உட்பட. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், எப்படிக் கொடுப்பது என்று போனதும் கேளுங்கள். காய்ச்சல் தணிந்தபின் விழுங்கும் திறனைப் பரிசோதித்துத்தான் சாப்பாடு தொடங்க வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காவிட்டால் விட்டுப்போகிற பரிசோதனை இது. பெரும்பாலும் டீயைவிடக் கெட்டியான கூழ், நிமிர்ந்து உட்கார்ந்து சின்ன ஸ்பூனில், சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்காமல் என்றுதான் ஆரம்பிப்பார்கள். டீயில் தோய்த்த வர்க்கி மட்டும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். பாதி நீர், பாதி தூளாக இரண்டும் ஒரே வாயில் சேருவது இவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். பல்லையும் நாக்கையும் தினமும் இரண்டு வேளை சுத்தம் செய்துவிடுங்கள். எச்சில் உள்ளே போனாலும் கிருமி குறைவாகப் போகும்.

அப்புறம், வீட்டில் யூகலிப்டஸ் தைலம் இருந்தால் ஒரு வார்த்தை. துணியில் தொட்டுப் பக்கத்தில் வைப்பதோடு சரி, மூக்கில் விடுவதும் வெந்நீரில் கலந்து குடிக்கக் கொடுப்பதும் கூடவே கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.