ஏஐ தந்த மேற்கோளை ஆய்வேட்டில் சேர்க்கலாமா?

கேள்வி: முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவியூ ஆஃப் லிட்ரேச்சர் பகுதிக்காக சாட்ஜிபிடியிடம் கேட்டேன். 12 கட்டுரைகளைத் தந்தது. அவற்றில் 5 எங்கு தேடியும் கிடைக்கவில்லை. மற்ற ஏழையும் சேர்க்கலாமா?
- முதுகலை சமூகப்பணி மாணவி, திருச்சி

பதில்: ஒவ்வொன்றாகத் திறந்து படிக்காமல் சேர்க்காதீர்கள். இந்த மாடல்கள், எழுதிவந்த வரிக்கு அடுத்து எந்தச் சொல்துண்டு வரும் என்று கணித்துக் கணித்தே எழுதுகின்றன. ஆசிரியர், ஆண்டு, இதழ், தொகுதி எண் என்ற மேற்கோளின் அமைப்பு அவற்றுக்கு அத்துப்படி. அதில் பொருத்தமான பெயர்களை நிரப்பிவிடும். அப்படியொரு கட்டுரை உண்டா என்று பார்ப்பதில்லை. இணையத் தேடலை இயக்கினால் உண்மையான பக்கங்கள் வரும். அப்போதும் பக்கத்தில் இல்லாத செய்தியை அதன் தலையில் கட்டுவது உண்டு.

முதலில் தலைப்பை இரட்டை மேற்கோள்குறிக்குள் இட்டு கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். கட்டுரையின் நிரந்தர அடையாளமான, '10.' என்று தொடங்கும் டிஓஐ எண்ணை டிஓஐ டாட் ஓஆர்ஜி தளத்தில் இடுங்கள். வேறு கட்டுரை திறந்தால் அந்த மேற்கோளை நம்ப முடியாது. இரண்டிலும் சிக்காவிட்டால், இதழின் தளத்தில் அந்தத் தொகுதியின் பொருளடக்கத்தைப் பாருங்கள். முனைவர் பட்ட ஆய்வேடு என்றால், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் தேடுங்கள். பழைய தமிழ் இதழ்கள் பல இணையத்தில் இல்லை. அவற்றுக்கு நூலகம்தான் வழி.

கட்டுரை கிடைத்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. மிக ஆபத்தானது, கட்டுரை உண்மையாகவும் அது சொன்னதாகத் தரப்படும் முடிவு பொய்யாகவும் இருப்பது. தலைப்பை மட்டும் தேடினால் இது பிடிபடாது. எத்தனை பேரிடம், எந்த ஊரில் ஆய்வு நடந்தது, முடிவு என்ன என்பதை மூலத்திலேயே படியுங்கள்.

"இது உண்மையா?" என்று அதையே திருப்பிக் கேட்பதும் உதவாது. 2023இல் நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர் அப்படித்தான் கேட்டார். இல்லாத தீர்ப்புகளை உண்மை என்றது சாட்ஜிபிடி. அவற்றைத் தாக்கல் செய்ததற்காக நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

கேள்வி: நானே எழுதிய அசைன்மென்ட்டை ஏஐ எழுதியது என்கிறது சோதனைக் கருவி. எப்படி நிரூபிப்பது?
- பொறியியல் மாணவர், மதுரை

பதில்: அந்தக் கருவி தரும் மதிப்பெண்ணை மட்டும் வைத்து உங்களைக் குற்றம் சொல்வது நியாயமே இல்லை. ஓபன்ஏஐ நிறுவனம் தன்னுடைய கண்டறியும் கருவியையே, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களின் எளிய நடையை இத்தகைய கருவிகள் ஏஐ நடை என்று தவறாக எண்ணுவது ஆய்வில் தெரிந்த விஷயம். பலர் குழப்பிக்கொள்ளும் சிமிலாரிட்டி சதவீதம் வேறு. அது பிற நூல்களோடு ஒத்திருப்பதை அளப்பது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை.

கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து காட்டுங்கள். எந்த நாளில் எந்தப் பத்தி வளர்ந்தது என்பது தெரியும். கைக்குறிப்புகளையும் கொண்டுபோங்கள். வாய்மொழியாக விளக்க 10 நிமிடம் கேளுங்கள். இனிமேல் முதல் வரியிலிருந்தே கூகுள் டாக்ஸில் தட்டச்சு செய்யுங்கள். வேறிடத்தில் எழுதி மொத்தமாக ஒட்டினால் அந்தச் சான்று போய்விடும்.

கேள்வி: களப்பணி நேர்காணல்களை ஏஐயில் ஏற்றிச் சுருக்கலாமா?
- ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

பதில்: பங்கேற்பாளர்களின் சம்மதமும் கைடின் அனுமதியும் இருந்தால் மட்டும். பயிற்சிக்குப் பயன்படுத்தாதே என்று அமைப்பில் குறித்தாலும், நீங்கள் ஏற்றுவது அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகத்தான் செய்யும். பெயர், ஊர், கைபேசி எண்ணை நீக்கி 'ப1', 'ப2' என்று குறியிடுங்கள். எந்தக் குறி யாருடையது என்ற பட்டியலை ஏற்றவே கூடாது.