நின்று சுடுதல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

பாரிஸ் பாராலிம்பிக்ஸ் நடந்த சமயம், சக்கர நாற்காலியில் இருந்தபடி துப்பாக்கி சுடும் வீராங்கனை அவனி லெகரா பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பை இப்போதுதான் படித்தேன். என் தம்பிக்கு 23 வயது. மாவட்ட அளவில் கபடி ஆடியவன், நல்ல ரெய்டர். பதினான்கு மாதம் முன்பு பைக் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவனுக்கு ஃபோனில் அவனியின் வீடியோவைக் காட்டுகிறார்கள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான். பிசியோதெரபி செய்ய வருகிற பையன்கூட "ஷூட்டிங் முயற்சி பண்ணலாமே" என்றான். அவன் போனபிறகு தம்பி என்னிடம், "உக்காந்து சுடுறதெல்லாம் ஒரு வெளையாட்டாக்கா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையிலேயே இது விளையாட்டா, இல்லை எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு ஆறுதலா? அவனை வற்புறுத்தலாமா?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

அந்த வீடியோ விஷயத்தில் நான் உங்கள் தம்பியின் பக்கம். என் குறிப்புக்கு ‘விதியை வென்ற பெண்’ என்று தலைப்பு வைத்திருந்தேன். இன்று எழுதினால் வைக்கமாட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருவனிடம் போய் இன்னொருத்தி விதியை வென்றுவிட்டாள் என்று சொன்னால், நீ இன்னும் வெல்லவில்லை என்றுதான் அவன் காதில் விழும்.

அந்த வீடியோக்கள் எதை வெட்டிவிடுகின்றன என்று பாருங்கள். ஜெய்ப்பூரைச் சேர்ந்த அவனிக்குக் கார் விபத்து நடந்தது 2012இல். சுடும் அரங்குக்கு அப்பா அழைத்துப் போனது 2015 கோடை விடுமுறையில். வில்வித்தையும் முயன்று பார்த்திருக்கிறார். துப்பாக்கிதான் கைக்கு ஒட்டியது. துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அபிநவ் பிந்த்ராவின் சுயசரிதையைப் படித்தது அதற்குப் பிறகு பிடிமானமாக இருந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நடுவில் இருக்கும் அந்த மூன்று வருடம் எந்த வீடியோவிலும் வராது. உங்கள் தம்பிக்கு ஆகியிருப்பது பதினான்கு மாதம்.

இன்னொன்றும் உண்டு. விபத்து நடந்தபோது அவனி பள்ளிக்கூடம் போகும் சிறுமி. உங்கள் தம்பி ஏற்கெனவே ஒரு ஆட்டக்காரன். தன் உடம்பு என்னென்ன செய்யும் என்று தெரிந்து, அதை நம்பி எதிராளியின் கோட்டுக்குள் போய்வந்தவன். அவன் இழந்தது வேறு கணக்கு. அவனுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறவர் கேரளத்தின் சித்தார்த்த பாபு. தற்காப்புக் கலைகளில் ஊறியவர், 2002இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். 2023இல் ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் 50 மீட்டர் ரைஃபிளில் தங்கம் வாங்கினார். இடையில் இருபத்தொரு வருடம். இதையும் அவனிடம் கதையாகச் சொல்லவேண்டாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன், அவசரப்படாமல் இருக்க.

சரி, அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி அது. உட்கார்ந்து சுடுவது விளையாட்டா?

அவனி தங்கம் வாங்கிய போட்டியின் பெயரே வேடிக்கையானது: 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ‘நின்று சுடுதல்’. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் உட்கார்ந்துகொண்டுதான் சுடுகிறார்கள். முழங்கையை மேசையிலோ நாற்காலியிலோ ஊன்றக்கூடாது என்ற விதியால் அதற்கு அந்தப் பெயர். நாற்காலியின் முதுகுச்சாய்வு எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வயிறு, முதுகுத் தசைகளில் எவ்வளவு வேலை செய்கிறது என்று பரிசோதித்து அதற்கேற்ப அனுமதிப்பார்கள். துப்பாக்கியின் எடையைத் தானே தாங்க முடிந்தவர்கள் எஸ்ஹெச்1 பிரிவு. கையிலும் பலம் குறைந்தவர்கள் எஸ்ஹெச்2. அவர்களுக்கு ஸ்பிரிங் வைத்த தாங்கி உண்டு.

கால் உள்ளவன் நின்று சுடும்போது இடுப்பை முன்னால் தள்ளி, இடுப்பெலும்பின் மேல் முழங்கையை வைத்துக்கொள்வான். எடை எலும்பு வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அவருடைய தரை என்பது நாற்காலியின் மெத்தை. புண் வராமல் இருக்க மெத்தை மெத்தென்று இருக்கவேண்டும், ஆனால் மெத்தென்று இருந்தால் ஆடும். தோலைக் காப்பாற்றுவதா, குறியைக் காப்பாற்றுவதா என்ற இழுபறி ஒவ்வொரு நாளும் இருக்கும். சுடுபவர்கள் போடும் ஜாக்கெட்டோ சாக்குத்துணி மாதிரி தடிமன். காயம் பட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது என்பதால் உடம்புச் சூடு எளிதில் இறங்காது. இதற்கிடையில், சொல்லாமல் கொள்ளாமல் கால் தசை ஒரு வெட்டு வெட்டும். தகுதிச் சுற்றில் இப்படி அறுபது தடவை சுடவேண்டும்.

ஒருமுறை நண்பர் ஒருவர் பழகும் அரங்கில் ஆசைப்பட்டு நானும் ஒரு ஏர் ரைஃபிளைத் தூக்கிப் பார்த்தேன். நான்கைந்து கிலோ இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்துதான் பிடித்தேன். குறிப்பலகை, நெஞ்சுத் துடிப்புக்கேற்ப எகிறி எகிறிக் குதித்தது. எனக்கு இப்படி ஒரு இதயம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்தாவது பெல்லட்டுக்குள் (அதில் போடும் சின்ன ஈயக்குண்டு) தோள் கழன்றுவிட்டது. அட்டையில் எங்கே பட்டது என்று கேட்காதீர்கள், இரண்டு பெல்லட்டுகள் அட்டையிலேயே படவில்லை.

அந்த அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். ஒரு சுடலுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளி. 2024 ஆகஸ்ட் 30, பாரிஸ் இறுதிச் சுற்று. கடைசி பெல்லட்டுக்கு முன்னால் அவனி 0.8 புள்ளி பின்தங்கி இரண்டாமிடத்தில் இருந்தார். முதலிடத்தில் தென்கொரியாவின் லீ யுன்ரி. அவனியின் கடைசிச் சுடல் 10.5. லீயினுடையது 6.8. முடிந்தது, 249.7க்கு 246.8. இந்த 10.5க்கும் 6.8க்கும் அட்டையில் என்ன வித்தியாசம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடுவிலிருந்து விலகிய தூரத்தில் சுமார் 9 மில்லிமீட்டர், அதாவது சுண்டுவிரல் நகத்தின் அகலம். அதற்குத் துப்பாக்கி முனை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்ந்திருக்க வேண்டியதில்லை. இருபத்து மூன்று பெல்லட்டுகளை ஒழுங்காகப் போட்ட ஒருவருக்கு இருபத்து நான்காவதில் இது நடக்கிறது. கடைசி ரெய்டில் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கணுக்காலைப் பிடி கொடுத்தவனுக்கு இது புரியாதா என்ன? தம்பியிடம் எதையாவது காட்டியே ஆகவேண்டுமென்றால், பதக்கத்தோடு சிரிக்கும் படத்தை விட்டுவிட்டு இந்தக் கடைசி இரண்டு சுடலைக் காட்டுங்கள். லீயின் முகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதே மேடையில் வெண்கலம் வாங்கிய மோனா அகர்வால் குழந்தையிலேயே போலியோ வந்தவர். குண்டு எறிதல், வட்டெறிதல், பளுத்தூக்குதல் என்று சுற்றிவிட்டு 2021 கடைசியில்தான் துப்பாக்கியைத் தொட்டார். மூன்று வருடம்கூட ஆகவில்லை, பாராலிம்பிக் பதக்கம். இன்னொரு விளையாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஏதோ ஒன்று கூடவே வரத்தான் செய்கிறது.

கபடியிலிருந்து என்ன வரும்? மூச்சு. ஒரே மூச்சில் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய்த் திரும்புவது அவனுக்குப் பழக்கம். சுடுகிறவர் மூச்சை இழுத்து, பாதி விட்டு, சில நொடி நிறுத்தி, அந்த இடைவெளிக்குள் விசையை அழுத்தவேண்டும். மூச்சின் மேல் கை வைத்துப் பழகியவனுக்கு இது அந்நியமாக இருக்காது. ஆனால் ரெய்டருக்கு உடம்பில் ஏறும் அந்தச் சூடு இருக்கிறதே, தொடையைத் தட்டிக்கொண்டு இறங்கும்போது வருவது, அது இங்கே எதிரி. முதல் ஆறு மாதம் அவனுக்கு இது செம எரிச்சலாக இருக்கும். பிடிக்காமலும் போகலாம். அப்போது விட்டுவிடுங்கள். வில் இருக்கிறது, ஈட்டி இருக்கிறது, பளு இருக்கிறது, ஒன்றும் வேண்டாம் என்று டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கவும் அவனுக்கு உரிமை இருக்கிறது.

ஆறுதலா என்று கேட்டிருந்தீர்கள். ஆரம்பம் என்னவோ மருத்துவமனையில்தான். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் போரில் முதுகெலும்பு முறிந்த பதினாறு பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். கைக்கும் முதுகுக்கும் மருந்தாக இருக்கட்டும் என்றுதான் அவர் விளையாட்டைக் கொண்டுவந்தார். மருந்து போட்டியாகிவிட்டது. துப்பாக்கி சுடுதல் பாராலிம்பிக்ஸில் சேர்ந்தது 1976, டொராண்டோவில்.

வற்புறுத்தலாமா என்றால், துப்பாக்கிக்காக வேண்டாம். தோலுக்காகவும் சிறுநீர்ப்பைக்காகவும் வற்புறுத்துங்கள். படுக்கைப்புண் வந்தால் மாதக்கணக்கில் கவிழ்ந்து படுக்கவேண்டும், அப்புறம் ரைஃபிளாவது ஒன்றாவது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி எடையை மாற்றும் பழக்கம் வரவேண்டும். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்தகுதிச் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், இன்ஜினியரிங் மாணவர். 1981இல் அந்த அமைப்பை ஆரம்பித்தார். தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கு அங்கே மறுவாழ்வுப் பயிற்சி உண்டு. தம்பியை அங்கே ஒருமுறை அழைத்துப் போங்கள். அவனைப் போல நாற்காலியில் இருக்கிறவர்கள் அவனிடம் பேசட்டும். நீங்களும் நானும் பேசுவதைவிட அது வேறு மாதிரி இருக்கும்.

பிறகு என்றாவது அவனாகவே "ஒரு தடவை போய்ப் பாக்கலாமா" என்று கேட்டால் போங்கள். எடுத்தவுடன் துப்பாக்கி வாங்காதீர்கள். நல்ல ஏர் ரைஃபிள் லட்சக்கணக்கில் ஆகும். பல அரங்குகளில் பழக வாடகைக்கோ இரவலாகவோ கொடுப்பார்கள். சுவரைப் பார்த்து, பெல்லட் இல்லாமல், வெறுமனே விசையை அழுத்திப் பழகுவதுதான் முதல் பாடம். அதில் சலிப்புத் தட்டுகிறதா இல்லையா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

போவதற்கு முன்னால் நீங்கள் மட்டும் தனியாக ஒருமுறை போய்வாருங்கள். நான் சுட்டுப் பார்த்த அந்த அரங்குக்கு ஒன்பது படி. சாய்தளம் கிடையாது. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். தம்பியின் நாற்காலி எவ்வளவு அகலம் என்று வீட்டிலேயே அளந்துகொண்டு, அங்கே கழிப்பறைக் கதவை அளந்து பாருங்கள்.