பஸ்ரா கோடவுனில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தா: பதிவுகளை எங்கே தேடுவது?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரின்போது (இன்றைய இராக்கில் உள்ள) பஸ்ராவில் 'கமிசரியட் கோடவுனில்' வேலை பார்த்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். கறுத்துப்போன ஒரு வெண்கலப் பதக்கம் மட்டும் இருக்கிறது. அவருக்கு அங்கே என்ன வேலை? அவரைப் பற்றிய அரசுப் பதிவு எங்காவது கிடைக்குமா?

பதில்: முதலில் அந்தப் பதக்கத்தைப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். ராஜாவின் தலை இருக்கும் பக்கம் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து மெல்லச் சுற்றிக்கொண்டே வாருங்கள். பொதுவாக ஓர் எண், பணியின் சுருக்கப் பெயர், ஆளின் பெயர், அவர் இருந்த பிரிவு ஆகியவை ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பல முறை தேய்த்த பதக்கங்களில் முதலில் அழிவது இந்த எழுத்துகள்தான்.

ராஜாவின் தலை இருக்கும் பதக்கம் என்றால், அது வெண்கலம் என்பதே ஒரு தடயம். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சிப்பாய்களுக்கு வெள்ளியில் கிடைத்தது. தொழிலாளர் படைகளில் இருந்தவர்கள், கூலிகள், தண்ணீர் சுமந்தவர்கள் போன்ற உடன்பணியாளர்கள் பலருக்கும் அதே பதக்கம் வெண்கலத்தில் வந்தது. வெயில் எல்லாருக்கும் ஒன்றுதான், உலோகம் மட்டும் வேறு.

சரி, கோடவுனுக்கு வருவோம். பஸ்ராக் கிடங்கு ஒரே அலுவலகம் என்று நினைத்துத் தேடினால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். அடுத்தடுத்த கொட்டகைகளில் வேலை பார்த்தவர்கள் வெவ்வேறு துறைகளின் ஆட்கள். உணவு, தீவனம், விறகு ஆகியவை சப்ளை அண்ட் டிரான்ஸ்போர்ட் கோர் வசம் இருந்தன. ஜனங்கள் பழக்கத்தில் கமிசரியட் என்று சொன்னது இதைத்தான், ஆனால் 1914-ல் அரசு ஏடுகளில் அந்தப் பழைய பெயர் இல்லை. ஆயுதமும் தளவாடமும் ஆர்ட்னன்ஸ் துறையின் பொறுப்பு. ஆற்றுப் படகுகள் ஆரம்பத்தில் இந்திய அரசின் கடற்பணியான ராயல் இந்தியன் மரைன் கையில் இருந்து, 1916 செப்டம்பரில் உள்நாட்டு நீர்ப்போக்குவரத்துப் பிரிவுக்கு மாறின. மூட்டை இறக்கியவர்களில் பலர் தொழிலாளர், சுமைகூலிப் படையினர். இந்தியச் சிறைகளிலிருந்து திரட்டிய படைகளும் அங்கே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்ப் பட்டியல், தனிச் சம்பளக் கணக்கு. அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்று கண்டுபிடித்தால் பாதித் தேடல் முடிந்தது.

அந்தச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. 1914 நவம்பரில் இந்தியப் படை ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள ஃபாவோவில் இறங்கி, அதே மாதம் பஸ்ராவைப் பிடித்தது. படையை நடத்தியது லண்டன் அல்ல, இந்திய அரசு. இந்திய வருவாயை எல்லைக்கு வெளியே போருக்குச் செலவிட பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதனால் வழக்கமான செலவு இந்தியாவுக்கு, கூடுதல் செலவு பிரிட்டனுக்கு என்று ஏற்பாடு. கிடங்கு அதிகாரி இண்டெண்ட் (சரக்குக் கோரிக்கை) போட்டால் அது சிம்லா வரை போய், பம்பாயிலோ கராச்சியிலோ சரக்காகிக் கப்பல் ஏற வேண்டும். சிக்கனமே பெருமை என்று பழகிய ராணுவ நிர்வாகம் அது. எது வழக்கமான செலவு, எது கூடுதல் என்ற கேள்வியும் கூடவே வந்தது. கணக்குப் பார்த்தவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன், ஆனால் விலை கொடுத்தவர்கள் களத்தில் இருந்தவர்கள்.

பஸ்ராவில் பெரிய கப்பல் அணையும் துறையே அப்போது கிடையாது. கப்பல்கள் ஆற்றின் நடுவே நங்கூரமிட, மகைலா என்ற நாட்டுப் படகுகளில் சரக்கை இறக்கினார்கள். ஆற்றின் மேலே போன படைக்கு அனுப்பப் போதுமான நீராவிப் படகுகளும் இல்லை. டைக்ரிஸ் ஆற்றங்கரையில் உள்ள குட் நகரில் துருக்கியர் முற்றுகையில் சிக்கிய படை 1916 ஏப்ரல் 29-ல் சரணடைந்தது. அதற்கு முன்பே, பிப்ரவரியில், போர் நடத்தும் பொறுப்பை லண்டனின் போர் அலுவலகம் எடுத்துக்கொண்டிருந்தது. ஜூலையில் நிர்வாகமும் கைமாறியது. 1917-ல் மெசபொடேமியா (இன்றைய இராக்) போரை விசாரித்த குழுவின் அறிக்கை வந்ததும், பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்தியாவுக்கான செயலராக இருந்த ஆஸ்டன் சேம்பர்லின் பதவி விலகினார். உங்களுக்கு இதில் முக்கியமானது ஜூலை 1916. அதற்கு முந்தைய நிர்வாகக் காகிதம் பெரும்பாலும் இந்தியப் பக்கம் இருக்கும். பிந்தையதை இரண்டு பக்கமும் தேட வேண்டும்.

அவர் என்ன வேலை செய்திருப்பார்? ஒரு கோதுமை மாவு மூட்டையைப் பின்தொடர்ந்தால் ஓரளவு புரியும். கப்பலில் ஒரு எண்ணிக்கை, படகில் ஒரு எண்ணிக்கை, கொட்டகை வாசலில் இன்னொன்று. கிழிந்தது, நனைந்தது, எடை குறைந்தது எல்லாம் தனியே ஒதுங்கும். கெட்டுப்போன மூட்டையைத் தூக்கி எறிந்துவிட முடியாது. அதிகாரிகள் குழு வந்து பார்த்து, உதவாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கணக்கிலிருந்து கழியும். அரிசி சாப்பிடுகிறவர்களுக்கும் ரொட்டி சாப்பிடுகிறவர்களுக்கும் ரேஷன் வேறு. பருப்பு, நெய், வெல்லம், மிளகாய், மஞ்சள் என்று ஆளுக்கு அவுன்ஸ் கணக்கு. ஆகவே எழுத்தர், எடை போடுகிறவர், காவலாளி, சுமையாள் எல்லாரும் வீட்டுப் பேச்சில் 'கோடவுனில் வேலை பார்த்தவர்' ஆகிவிடுவார்கள். இவர்களில் அவர் யார் என்பதை விளிம்பில் இருக்கும் சுருக்கப் பெயர்தான் சொல்ல வேண்டும்.

இனி தேடல். இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் தொடங்குங்கள். கமிசரியட் என்று தேடாமல், சப்ளை அண்ட் டிரான்ஸ்போர்ட், பஸ்ரா, ஃபாலோயர்ஸ் (உடன்பணியாளர்கள்) என்ற சொற்களை ஆங்கிலத்தில் போடுங்கள். பஸ்ராவை அன்று 'புஸ்ரா', 'பஸ்ஸோரா' என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். முனுசாமியை எழுத அன்றைய குமாஸ்தாவுக்கு நாலைந்து வழிகள் இருந்தன, அத்தனையையும் முயலுங்கள். அவர் ஏற்கெனவே சென்னை மாகாண அரசு ஊழியராக இருந்து ராணுவத்துக்கு அனுப்பப்பட்டவர் என்றால், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அவருடைய துறையின் அரசாணைகளைக் கேட்டுப் பாருங்கள்.

லண்டனில் இரண்டு இடங்கள் உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ராணுவக் கோப்புகள் இருக்கின்றன. கியூ பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. ஆனால் அந்த நாட்குறிப்புகளில் கிடங்கின் அன்றாடம்தான் கிடைக்கும், கூலியின் பெயரை எதிர்பார்க்க வேண்டாம். இந்தியச் சிப்பாய்கள், உடன்பணியாளர்களின் தனிநபர் பதிவேடுகள் பெரும்பாலும் லண்டனுக்குப் போகவே இல்லை. பிரிவின் பெயர் உறுதியாகும் முன் பிரதிக் கட்டணம் கட்டாதீர்கள்.

குடும்பத்தில் அவருடன் போன வேறு யாராவது திரும்பி வரவில்லை என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்திலும் பாருங்கள். பஸ்ரா நினைவகம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கானது. ஆனால் இந்திய அதிகாரிகளின் பெயரைக் கல்லில் வெட்டியவர்கள், சாதாரண இந்திய வீரர்களை வெறும் எண்ணிக்கையாகத்தான் குறித்தார்கள். அதனால் நினைவகத்தின் படத்தைப் பார்த்துப் பெயர் இல்லை என்று விட்டுவிடாதீர்கள், தரவுத்தளத்தில் தேடுங்கள்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். 'பஸ்ரா' என்று வீட்டில் சொன்னது பக்கத்தில், ஈரான் பக்கம் இருந்த அபாதான் எண்ணெய் ஆலையாகவும் இருக்கலாம். அதை நடத்திய, பின்னாளில் பி.பி. ஆன ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய்க் கம்பெனியில் இந்தியர்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள், அதன் ஆவணங்கள் வார்விக் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பி.பி. காப்பகத்தில் இருக்கின்றன. கம்பெனி வேலை என்பதற்காக மட்டும் யாருக்கும் போர்ப் பதக்கம் கிடைத்திருக்காது. ஆகவே விளிம்பில் படைப்பிரிவின் பெயர் இருந்தால் ராணுவக் கிடங்குப் பக்கமே தேடலாம். போருக்குப் பிறகும் அவர் அங்கேயே தங்கிவிட்டார் என்று வீட்டில் பேச்சு இருந்தால் அபாதானையும் பாருங்கள்.