கூடலூர் எந்தக் கட்சியின் ஊர்?

"கூடலூர்க்காரங்க எந்தக் கட்சிக்குப் போடுவாங்க?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். கூடலூரும் அடங்கிய நீலகிரி மக்களவைத் தொகுதி 2019, 2024 இரண்டிலும் திமுகவுக்குப் போனது. இடையில் 2021 சட்டமன்றத் தேர்தலில் கூடலூர் (தனி) அதிமுகவுக்கு. அதே தேர்தலில் பக்கத்து உதகை காங்கிரசுக்கு, குன்னூர் திமுகவுக்கு.

வாக்குச்சாவடி வாரியாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்று காட்டும் படிவம் 20 மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். அதில் சாவடி எண் மட்டும்தான் இருக்கும். வாக்குச்சாவடிப் பட்டியலை எடுத்து எந்தப் பள்ளி, எந்தத் தெரு என்று பொருத்திக்கொள்ளுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: 2019இன் 45ஆம் சாவடியை 2024இன் 45ஆம் சாவடியோடு ஒப்பிடுவார்கள். சாவடிகளைப் பிரித்தால், சேர்த்தால் எண் நகர்ந்துவிடும்; கட்டடப் பெயரை வைத்து ஒப்பிடுங்கள். தபால் வாக்கு எந்தச் சாவடியிலும் சேராது, கடைசியில் தனி வரியாக வரும்.

எஸ்டேட் லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வாக்குப்பதிவு குறைந்தால் உடனே 'வெறுப்பு' என்று எழுதாதீர்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் வேலையில் இருப்பார்கள், பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும்.

கட்சியைவிட இங்கே கனமான விஷயம் நிலம். 1969 ஜென்ம நில (பழைய பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும், உரிமை தீர்வாகாத நிலத்தில் இருப்பவர்களுக்குப் பட்டா இல்லை, மின் இணைப்பு வாங்குவதும் இழுபறி. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர், மலையாளிகள், பழங்குடியினர் என்று யார் வீட்டு வாசலில் நின்றாலும் வேட்பாளரிடம் முதலில் கேட்பது அதைத்தான். யானையைப் பற்றிய கேள்வி அடுத்து வரும்.