காளான் டோஸ்ட்: முதலில் தண்ணீர் வற்றட்டும்

ராயபுரத்தில் பதினோரு வருஷம் சாயந்திரக் கடை போட்டவள் நான். வடை, பஜ்ஜியோடு காளான் டோஸ்டும் உண்டு. முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது கடை இல்லை. போன வாரம் தெரிந்தவர்களிடம் "காளான் டோஸ்ட் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்லி வைத்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்விதான், வேறு வேறு வேஷத்தில். அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கொருக்குப்பேட்டை, வேலைக்குப் போகும் பெண்: அக்கா, வேலை முடிந்து வந்து அவசரமாகச் செய்கிறேன். வெங்காயம், காளான், உப்பு எல்லாம் போட்டு வதக்கி பிரட் மேல் வைத்தால் ஐந்தே நிமிஷத்தில் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. எங்கே தப்பு?

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டதுதான் தப்பு. காளானில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். கடையில் வாங்கும் 200 கிராம் பாக்கெட்டில் சுமார் 180 கிராம் தண்ணீர், கிட்டத்தட்ட ஒரு டம்ளர். அதை அடுப்பிலேயே விரட்டாவிட்டால் பிரட்தான் குடிக்கும்.

கடை போட்ட முதல் வாரம் நானும் இப்படித்தான் செய்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் ஒரு வாய் கடித்துவிட்டு, "ஏம்மா, பல்லு போனவனுக்குன்னு தனியா செஞ்சியா?" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தார். அன்று ராத்திரி நாலு பாக்கெட் காளானை வீணாக்கித்தான் பக்குவம் பிடிபட்டது.

அகலமான வாணலியோ தோசைக்கல்லோ நன்றாகக் காயட்டும். எண்ணெய் வேண்டாம், உப்பு வேண்டாம். காளானைக் கால் அங்குல கனத்தில் நறுக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். தீ முழுசாக எரியட்டும், மூடி போடாதீர்கள். இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் விட்டுக் கொதிக்கத் தொடங்கும். பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நடுவில் இரண்டு தடவை புரட்டினால் போதும். தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறும். கொதிக்கிற சத்தம் போய் வறுபடுகிற சத்தம் வரும். எனக்கு அந்தச் சத்தம்தான் கடிகாரம். மொத்தம் ஆறேழு நிமிஷம் ஆகும். தண்ணீர் இருக்கும்வரை காளானின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அது சிவந்து கறி வாசனை அடிக்க 140 டிகிரி பக்கம் போக வேண்டும். தண்ணீரோடு வதக்கினால் காளான் வெந்திருக்கும், ஆனால் ருசி வந்திருக்காது.

ஓரம் சிவந்த பிறகுதான் ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய், பொடியாக நறுக்கிய ஐந்தாறு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய். பூண்டு நிறம் மாறத் தொடங்கியதும் கால் டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் இடித்த மிளகு. இறக்கியதும் நாலு சொட்டு எலுமிச்சை, கொஞ்சம் கொத்தமல்லி. அதே கல்லில் பிரட்டை இரண்டு பக்கமும் வெண்ணெய் தடவி மொறுமொறுவென்று சுட்டு, சாப்பிடப் போகும்போது காளானை மேலே வையுங்கள். வெங்காயம் வேண்டுமென்றால் தனியாக வதக்கிக் கடைசியில் சேர்க்கலாம். அதுவும் தண்ணீர் விடும் ஆள்தான். 200 கிராமுக்கு நாலு ஸ்லைஸ். ஆறு ஸ்லைஸுக்கு இழுத்தால் பிரட்தான் சாப்பிடுவீர்கள்.

மூலக்கொத்தளம்: காளானைக் கழுவவே கூடாது, ஈரத் துணியால் துடைக்கத்தான் வேண்டும் என்று டிவியில் சொன்னார்கள். பதினைந்து காளானை ஒவ்வொன்றாகத் துடைக்க எனக்குப் பொறுமை இல்லை.

கழுவுங்கள். சந்தேகம் இருந்தால் தராசில் வைத்துப் பாருங்கள். குழாயடியில் அலசி வடித்தால் கூடும் எடை சில கிராம்தான். உள்ளேயே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருப்பவனுக்கு வெளியே ஒட்டும் ஒரு ஸ்பூனா பெரிசு? ஊறப் போடாதீர்கள், அவ்வளவுதான். கழுவியதும் துணியில் பரப்பித் துடைத்து உடனே சமைத்துவிடுங்கள். கழுவிவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வழவழத்துவிடும்.

திருவொற்றியூர்: புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. காளான் வாங்கினால் மாமியார் "இதுவும் கறி மாதிரிதான், அடுப்பில் ஏற்றாதே" என்கிறார். காளான் சைவமா, அசைவமா?

குடும்பப் பஞ்சாயத்தில் நான் தலையிட மாட்டேன். விஷயத்தை மட்டும் சொல்கிறேன். காளான் விலங்கு கிடையாது, செடியும் கிடையாது. பூஞ்சை என்று தனி இனம். ரத்தமும் இல்லை, பச்சையமும் இல்லை. புரட்டாசியில் எங்கள் பக்கம் கறிக்கடை ஈயாடும்போது காய்கறிக் கடையில் காளான் பாக்கெட் சீக்கிரம் தீர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேர் சைவக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் மாமியாரை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. காளானின் செல் சுவரில் இருப்பது கைட்டின். இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருக்கும் அதே பொருள். (இதை மாமியாரிடம் சொல்ல வேண்டாம்.) சமையலுக்கு இதனால் ஒரு லாபம் உண்டு. கத்தரிக்காயையோ பூசணியையோ பத்து நிமிஷம் கூடுதலாக வைத்தால் குழைந்துவிடும். கைட்டின் அடுப்புச் சூட்டுக்கு உடையாது, அதனால் காளான் குழையாது. தண்ணீர் வற்ற இன்னும் மூன்று நிமிஷம் வேண்டுமென்றால் தைரியமாக வைக்கலாம்.

வீட்டில் பூண்டும் கூடாது என்றால் மிளகைக் கூட்டி, வெண்ணெயில் கொஞ்சம் சீரகமும் கறிவேப்பிலையும் பொரித்துவிடுங்கள். எனக்கு அது பூண்டு போட்டதைவிடப் பிடிக்கும்.

பெரம்பூர், ரயில்வே குடியிருப்பு: டோஸ்டர் இல்லை. தோசைக்கல் போதுமா?

கல்தான் நல்லது. டோஸ்டரில் வெண்ணெய் தடவிப் போட முடியாது. தீயைக் குறைத்து, பிரட்டைக் கரண்டியால் லேசாக அழுத்திச் சுடுங்கள். நான்ஸ்டிக் மட்டும் வெறுமனே காயக் கூடாது. அதில் செய்வதானால் காளானைப் போட்டுவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்ற வையுங்கள்.

தண்டையார்பேட்டை: எங்கள் தெரு பேக்கரி பிரட் இனிப்பாக இருக்கிறது. காளானோடு ஒட்டவில்லை.

பேக்கரியில் "சால்ட் பிரட் இருக்கா" என்று கேளுங்கள், பல இடத்தில் உண்டு. இல்லாவிட்டால் கோதுமை பிரட். இனிப்பு பிரட்தான் கையில் இருக்கிறது என்றால் பச்சை மிளகாயையும் எலுமிச்சையையும் கொஞ்சம் தூக்கலாக விடுங்கள். இனிப்பு சீக்கிரம் கருகும், அதனால் சிம்மில் சுடுங்கள். பஞ்சுபோல இருக்கும் இன்றைய பிரட்டைவிட நேற்றைய பிரட் காய்ந்திருப்பதால் நன்றாகத் தாங்கும். கடையில் நான் எப்போதும் முந்தின நாள் பிரட்டைத்தான் எடுப்பேன். பழசைத் தள்ளிவிடுகிறாள் என்று சில பேர் நினைத்தார்கள்.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: வெள்ளை மொட்டுக் காளான்தான் வேண்டுமா? இங்கே சிப்பிக் காளான், பால் காளான் எல்லாம் விற்கிறார்கள். எது விலைக்குத் தகும், எது ருசி?

தம்பி, நல்ல கேள்வி. மொட்டுக் காளான் குளிர்ப் பிரதேசத்துச் சரக்கு. அது முளைக்க 15, 18 டிகிரி குளிர்ச்சி வேண்டும். அதனால் நீலகிரி, கொடைக்கானல் மாதிரி மலையிலிருந்து வரும். இல்லாவிட்டால் ஏசி அறையில் வளரும். நம் வெயிலில் அது பிழைக்காது.

பால் காளான் நம்ம ஊர் ஆள் மாதிரி, 30, 35 டிகிரியில் சந்தோஷமாக முளைக்கும். 1974இல் மேற்கு வங்கத்தில் அறியப்பட்ட காளான் அது. அதை விற்பனைக்கு வளர்க்கும் ரகமாக்கி, ஏபிகே2 என்ற பெயரில் 1998இல் வெளியிட்டது நம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். மொட்டுக் காளானைவிட நாள் தாங்கும், சீக்கிரம் கறுக்காது. கோடைக்கு அதைத்தான் வாங்குவேன். தண்டு தடியாக இருப்பதால் டோஸ்டுக்கு மெல்லிசாகச் சீவ வேண்டும். கடித்தால் கொஞ்சம் இழுக்கும், கோழிக்கறி நினைப்பு வரும்.

சிப்பிக் காளானுக்குக் கத்தியே வேண்டாம். நார் போகிற திசையில் கையால் கிழித்துக் கல்லில் போட்டால் ஓரம் மொறுமொறுவென்று ஆகும். மூன்றில் சீக்கிரம் வேகிறதும் அதுதான். சிப்பியும் மொட்டும் பாதிப் பாதி போட்டால் இன்னும் விசேஷம். விலை நாளுக்கு நாள் மாறும், நான் சொல்லி நீ ஏமாற வேண்டாம்.

கொளத்தூர்: பாக்கெட்டைத் திறந்தால் காளான் மேலே பழுப்பாக இருக்கிறது. தூக்கிப் போடவா?

பழுப்பு மட்டும் என்றால் தாராளமாகச் சமைக்கலாம், வெட்டின ஆப்பிள் நிறம் மாறுவது போலத்தான். தொட்டால் வழவழப்பு, புளித்த வாடை, உள்ளே கறுத்த தண்ணீர், இதில் எது இருந்தாலும் குப்பைக்குத்தான். வாங்கி வந்ததும் பிளாஸ்டிக்கைப் பிரித்துக் காகிதக் கவரில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் காளானுக்கு வேர்க்கும், வேர்த்தால் கெடும். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

காசிமேடு: அக்கா, நாங்கள் மீன் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். தடைக்காலத்தில்தான் காளான் பக்கம் வருவோம். வெறும் பூண்டும் மிளகும் சப்பென்று இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலையைக் கேட்கவே முடியாது. அந்த இரண்டு மாசம்தான் என் கடையில் காளான் டோஸ்ட் அதிகம் போகும்.

உங்களுக்குச் சென்னாக்கூனி, அதாவது காய்ந்த குட்டி இறால், தெரியாமல் இருக்காது. ஒரு கைப்பிடி எடுத்து மண் போகச் சலித்து, வெறும் வாணலியில் சிவக்க வறுத்து, கரகரப்பாகப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். காளான் இறக்கும் நேரத்தில் ஒரு டீஸ்பூன் தூவினால் போதும். உப்பைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், கூனியிலேயே கடல் இருக்கிறது. காளானுக்கு இயல்பாகவே ஒரு கறிச்சுவை உண்டு, காய்ந்த இறாலுக்கும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். கூனி பிடிக்காதவர்களுக்கு அரை டீஸ்பூன் சோயா சாஸ்.

மாதவரம்: மழை பெய்ததும் வீட்டுப் பின்னால் வெள்ளையாகக் குடைக்காளான் முளைத்திருக்கிறது. பாட்டி ஊரில் இப்படிப் பறித்துச் சமைப்பாராம். மஞ்சள் போட்டு வேகவைத்து நிறம் மாறாவிட்டால் சாப்பிடலாம் என்கிறார். சரியா?

வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு எனக்கு வேறு பதிலே இல்லை. மஞ்சள், வெள்ளிக்காசு, அரிசி நிறம் மாறுவது, புழு அரித்திருந்தால் நல்லது, இந்தச் சோதனை எதுவும் விஷத்தைக் காட்டாது. சில விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டு அரை நாள் ஒன்றும் தெரியாமல் இருந்து, அப்புறம் வாந்தி பேதியில் ஆரம்பித்துக் கல்லீரலில் கொண்டுபோய் விடும் காளான்களும் உண்டு. பாட்டிக்குத் தெரிந்தது அவர் ஊர்ப் புற்றுக்காளான், அந்த மண். மாதவரத்துப் புல்லில் முளைப்பது அது என்று யார் சொன்னது? யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் வாந்திக்குக் காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், மிச்சக் காளானையும் கையோடு எடுத்துப் போங்கள்.

வண்ணாரப்பேட்டை, இரண்டு பிள்ளைகளின் அம்மா: பள்ளிக்கூட டப்பாவுக்குக் கட்டலாமா?

டோஸ்டாகக் கட்டினால் மதியம் தோசைமாவு மாதிரி இருக்கும். சுட்ட பிரட்டை ஆறவிட்டு ஒரு டப்பாவில், காளானை நன்றாக வறட்டி இன்னொரு டப்பாவில் கொடுங்கள், பிள்ளையே வைத்துச் சாப்பிடட்டும். முதல் நாள் மிச்சத்தை அனுப்பாதீர்கள். காலையில் செய்ததைக் காலை இடைவேளைக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள், நம் ஊர் வெயிலில் சமைத்த காளான் வெளியே ரொம்ப நேரம் தாங்காது.

ராயபுரம், பழைய வாடிக்கையாளர்: செகண்ட் லைன் பீச் ரோட்டில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு உங்கள் கடைக்கு வருவோம். அந்த ருசியில் ஒரு காளான் டோஸ்ட் போடுவீர்களே, அது எப்படி?

ஞாபகம் வைத்திருக்கிறீர்களே! பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஆட்கள் அந்தத் தெருவுக்குக் கொடுத்த ருசி அது. நான் அங்கிருந்து இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒன்று, பூண்டை எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து எடுத்த பூண்டெண்ணெய். இரண்டு, மொறுமொறுவென்று பொரித்த வெங்காயம். வெண்ணெய்க்குப் பதில் பூண்டெண்ணெயில் காளானைப் புரட்டி, இடித்த மிளகாயும் எலுமிச்சையும் விட்டு, மேலே பொரித்த வெங்காயத்தை அள்ளித் தூவினால் ஆயிற்று. அத்தோ மாதிரி புளித்தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அவ்வளவு நேரம் வற்ற வைத்தது வீணாகிவிடும்.

எண்ணூர்: அக்கா, சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். காளான் தண்ணீர் விட்டதும் வடிகட்டிக் கொட்டிவிட்டு அப்புறம் வதக்குகிறேன். சீக்கிரம் முடிகிறது.

ஐயோ, கொட்டாதீர்கள். காளானின் சாரம் பாதி அதில்தான் இறங்கியிருக்கிறது. வாணலியிலேயே வற்றவிட்டால் அது திரும்பக் காளான் மேலேயே ஒட்டிக்கொள்ளும். காஸ் தீரப் போகிறது, அவசரம் என்றால் வடித்ததை ஒரு கிண்ணத்தில் பிடித்து ராத்திரி மிளகு ரசத்தில் ஊற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் ராயபுரம் பக்கம் வரும்போது எனக்குக் கொண்டு வந்து கொடுங்கள்.