பசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு வயது 19. எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைத் தவிர்க்க வைக்கும் அனோரெக்சியா என்ற மனநோய்க்காக மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்து, ரத்தப் பரிசோதனைகள் சரியான பிறகு வீடு திரும்பியிருக்கிறாள். இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு உப்புசமாக இருக்கிறது என்கிறாள். பசித்தால் தானே கேட்பாள் என்று விட்டுவிடலாமா? பக்கத்துத் தெருவில் நியூட்ரிஷன் கிளப் நடத்துபவர் எடை கூட பவுடர் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? – ஒரு தாய், திருச்சி

பதில்: பவுடர் வேண்டாம், அம்மா. பசிக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

மாதக்கணக்கில் வயிற்றைக் காயப்போட்ட உடம்பில் பசி உணர்வு மங்கிவிடும். இரைப்பையும் மெதுவாகத்தான் காலியாகும். உங்கள் மகள் சொல்லும் உப்புசம் சாக்கு அல்ல, உண்மையான உபாதை. ஆனால் அதற்கு மருந்தும் சாப்பாடுதான். சில வாரங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டால்தான் இரைப்பை பழைய வேகத்துக்குத் திரும்பும். அதுவரை கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள்: மூன்று வேளை சாப்பாடு, இடையில் மூன்று முறை சிற்றுண்டி. மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது.

அதே இரண்டு இட்லியில் சத்தைக் கூட்டலாம். பொடியில் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றுங்கள், வேர்க்கடலைச் சட்னி வையுங்கள். பருப்புச் சோற்றில் நெய், முட்டை, உளுந்தங்களி, கடலை உருண்டை, வாழைப்பழம், தண்ணீர் கலக்காத பால் எல்லாம் கொடுக்கலாம். உறவினர்கள் சொல்லும் நீர்த்த கஞ்சியும், சாப்பாட்டுக்கு முன் குடிக்கும் மோரும் வயிற்றை அடைக்குமே தவிர உடம்பைத் தேற்றாது. அவள் சாப்பிடும்போது கூடவே உட்காருங்கள். எடையைப் பற்றியோ கன்னத்தைப் பற்றியோ யாரும் வாய் திறக்கக் கூடாது.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். அவர்கள் தேற, வழக்கமாகச் சாப்பிடுவதைவிட மிக அதிகமான உணவு தேவைப்பட்டது. உங்கள் மகளுக்கும் பின்னால் திடீரென்று அகோரப் பசி எடுக்கலாம். பயந்து தட்டைப் பிடுங்கிவிடாதீர்கள்.

இனி அந்த கிளப். எடை குறைக்க வருபவர்களுக்கும் கூட்ட வருபவர்களுக்கும் ஒரே டப்பாவை நீட்டும் கிளப்புகளை நான் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறை எல்லார் முன்னாலும் எடை பார்ப்பார்கள். இந்த நோயிலிருந்து மீளும் பெண்ணுக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. மென்று சாப்பிட வேண்டாம், ஒரு டம்ளரோடு தப்பித்துவிடலாம் என்றால் நோய் அதைத்தான் இறுகப் பற்றிக்கொள்ளும். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 14 இலக்க உரிம எண் இருப்பது சிகிச்சைக்கான சான்றிதழ் அல்ல. பெயர் தெரியாத லேகியமும் 'பசி மாத்திரை'யும் இன்னும் மோசம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முகம் உப்பும், பார்ப்பவர்கள் தேறிவிட்டாள் என்பார்கள். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் அநேகமாக எதுவும் சாப்பிடாதவருக்கும், குறுகிய காலத்தில் எடை சரிந்தவருக்கும் மேலே சொன்னதை வீட்டில் தொடங்கவே கூடாது. காய்ந்த உடம்பில் மாவுச்சத்து திடீரென்று சேர்ந்தால் இன்சுலின் ஏறும். ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் செல்களுக்குள் பாய்ந்துவிடும். இதயத் துடிப்பு தடுமாறும். இரண்டாம் உலகப்போரில் மீட்கப்பட்ட கைதிகள் சிலர் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்தது இதனால்தான். அப்படிப்பட்டவருக்கு மருத்துவமனையில் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, ரத்தத்தை அடிக்கடி பரிசோதித்து, படிப்படியாகத்தான் உணவைக் கூட்ட வேண்டும். உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். ஆனால் மறுபடி சாப்பாட்டை நிறுத்தி ஐந்து நாள் ஓடிவிட்டால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம். கால் வீக்கம், படபடப்பு, மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு இவற்றில் எது தெரிந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் 'சத்தான உணவு கொடுக்கவும்' என்று ஒரே வரி எழுதி அனுப்புகிறார்கள். ஒரு தாய் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? 'எண்ணெய், நெய், இனிப்பு தவிர்க்கவும்' என்று சர்க்கரை நோயாளிக்காக அச்சடித்த நகலை அனோரெக்சியா பெண்ணின் கையில் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரே கட்டடத்தில் மனநலப் பிரிவும் உணவியல் பிரிவும் இருந்தும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

மனம் தளரும் இரவுகளில் 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மனநல மருத்துவர், பொது மருத்துவர், டயட்டீஷியன் மூவரையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பெரும்பாலும் சோடியம், பொட்டாசியத்தோடு நிறுத்திவிடுவார்கள். பாஸ்பரஸ் (மேலே சொன்ன பாஸ்பேட்டுக்கான பரிசோதனை), மெக்னீசியம் இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.